கூண்டின் பின்பக்கம்

வென்டல் என் பக்கத்து வீட்டுக்காரன். டொலீடோ நகரத்தில் நாற்பது வருடம் ரொட்டி வண்டி ஓட்டி ஓய்வு பெற்றபின், மனைவி நடீனோடு ஃப்ளோரிடாவுக்கு வந்து, எங்கள் தெருவில் கால்வாயை ஒட்டிய வீட்டை வாங்கினான். வீட்டை வாங்கினான் என்பதைவிட, வீட்டின் பின்னால் இருந்த நீச்சல் குளத்தை வாங்கினான் என்பதுதான் சரி. நடீன் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் நின்றே காலம் தள்ளியவள். முட்டி இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. காலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்து, படியிறங்கித் தண்ணீருக்குள் கழுத்துவரை போனபிறகுதான் அவளுக்கு முகத்தில் தெளிவு வரும். "தண்ணிக்குள்ள மட்டுந்தான் இந்த முட்டி ரெண்டும் வாயை மூடிக்கிட்டு இருக்கு" என்பாள்.

எங்கள் ஊரில் குளம் இருந்தால் அதற்குக் கூண்டும் இருந்தாக வேண்டும். அலுமினியச் சட்டங்களை நட்டு, சுவருக்கும் கூரைக்கும் வலை மாட்டி, வீட்டின் பின்சுவரோடு சேர்த்துவிடுவார்கள். அது இல்லையென்றால் மே மாதத்திலிருந்து கொசுவும் தவளையும்தான் நீந்தும். வென்டல் வாங்கிய வீட்டின் கூண்டுக்கு இருபத்தாறு வயது. வலை வெயிலில் நைந்து, விரல் பட்டால் பொடியாக உதிர்ந்தது. சட்டங்களில் பெயின்ட் தோல் தோலாக உரிந்திருந்தது. ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலிருந்தும் துரு வழிந்து பழுப்புக் கோடு இறங்கியிருந்தது.

கூண்டு வேலை செய்கிற கம்பெனி ஒன்றிலிருந்து ஆள் வந்து பார்த்தான். வலையை மட்டும் மாற்ற ஏழாயிரம் டாலர், அடித்தளத்திலிருந்து சரிசெய்ய இருபதாயிரத்துக்கு மேல் என்றான். போன வருடப் புயலுக்குப் பிறகு வேலை குவிந்து கிடப்பதால் எட்டு மாதம் காத்திருக்கவும் வேண்டுமாம். அவன் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் வென்டல் முடிவெடுத்துவிட்டான். வலைச் சுருள், அதைச் சட்டத்தின் பள்ளத்தில் அமுக்கிப் பிடிக்கிற ரப்பர் கயிறு, அமுக்குவதற்கு ஒரு சின்னச் சக்கரம், இரண்டு பெட்டி ஸ்க்ரூ, பெயின்ட். எல்லாம் ஆயிரத்து இருநூறில் முடிந்தது என்று வேலி வழியாக என்னிடம் பெருமையடித்தான். நான் டெலிபோன் கம்பத்தில் ஏறிப் பிழைத்தவன். ஏறுகிற அன்றைக்குக் கூப்பிடு, நான் ஏணியைப் பிடிக்கிறேன் என்றேன். "என் ஏணிக்கு நாலு கால் இருக்குடா, தானே நிக்கும்" என்றான்.

பிப்ரவரி முழுக்க வேலை நடந்தது. பழைய வலையைக் கிழித்து எறிந்தான். சட்டங்களைத் தேய்த்துக் கழுவினான். கூண்டின் கால்களைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளை இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதிதாகப் போட்டான். காலையில் வேலை, மதியம் ஒரு தூக்கம், மாலையில் மறுபடி வேலை. நடீன் படியில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டபடி அவனுக்கு ஸ்க்ரூ எடுத்துக் கொடுப்பாள். அப்போது அவர்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அவன் சக்கரத்தை வளைத்து ஓட்டி, வலை சுருங்கி, மறுபடி பிரித்துப் போடும்போதெல்லாம் அவள், "ரொட்டி வண்டியை இப்படி ஓட்டியிருந்தா டொலீடோ பட்டினி கிடந்திருக்கும்" என்பாள். அது என் வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்கும்.

மார்ச் கடைசியில் வென்டல் கூண்டின் கூரைமேல் ஏறினான். என்னைக் கூப்பிடவில்லை. இரண்டு சட்டங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து, சட்டங்களுக்கு நடுவிலுள்ள முதல் இரண்டு கட்டத்துக்கும் வலை போட்டுவிட்டான். மூன்றாவது கட்டத்துக்குப் பலகையை நகர்த்தும்போது வழுக்கியது. பனிக்கட்டிப் பெட்டி ஒன்றை மேலிருந்து போட்ட மாதிரி ஒரு சத்தம் கேட்டு நான் வேலியைத் தாண்டி ஓடினேன். இடுப்பு குளத்தின் விளிம்பில், தலையும் தோளும் தண்ணீருக்குள். நடீன் உடுத்திய உடையோடு உள்ளே குதித்து, அவன் முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. இடது தொடையெலும்பும் போயிற்று.

ஏழு வாரம் கழித்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். கூடத்தில், பின்பக்கத்துக் கண்ணாடிக் கதவுக்கு நேராக, சாய்வு நாற்காலி போட்டாள் நடீன். அவன் கேட்டுத்தான் அங்கே போட்டாள். அங்கிருந்து பார்த்தால் குளமும், பாதி வலை போட்ட கூண்டும் தெரியும். எழுந்து நிற்கவே இன்னும் நான்கு மாதம் ஆகும் என்றார் மருத்துவர். ஒன்றுக்குப் போகக்கூட அவள் தூக்கிவிட வேண்டும். அவள் முட்டியை வைத்துக்கொண்டு இவனைத் தூக்குவதை நான் இரண்டு முறை பார்த்தேன். மூன்றாவது முறை பார்க்க முடியாமல் ஏதோ சாக்குச் சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

ஜூனில் கொசு வந்தது. குளத்துத் தண்ணீர் பச்சையாகத் திரிந்தது. நடீன் நீந்துவதை விட்டாள். ஒரு நாள் காலையில் கராஜிலிருந்து அந்தச் சின்னச் சக்கரத்தையும் ரப்பர் கயிற்றையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். பக்கச் சுவர்களை அவள் போட்டு முடித்துவிடுவாள், கூரையைப் பிறகு யோசிக்கலாம் என்று பேசிக்கொண்டார்கள். கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துவிட்டு அவள் வேலை செய்ய, இவன் நாற்காலியிலிருந்து வாயால் வேலை செய்தான்.

"இழுக்காத நடீன். இழுத்தா சட்டம் வளையும். சும்மா படுக்கப் போட்டு அமுக்கு."

"அமுக்கிட்டுத்தான் இருக்கேன். நீ காபியைக் குடி."

முதல் கட்டத்துக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. நான்காவது கட்டத்தில் அவனைவிட நன்றாகப் போட்டாள். அதை அவனே ஒப்புக்கொண்டான். சலவைக்கூடத்தில் ஆயிரக்கணக்கான விரிப்புகளை மூலை மடித்த கை அல்லவா. ஜூலை நாலாம் தேதி சுதந்திர தினத்துக்கு முன்பே மூன்று சுவர்களும் முடிந்தன. நான் வீட்டில் சுட்ட பன்றி விலாவைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூவரும் கூடத்தில் உட்கார்ந்து புது வலையைப் பார்த்தபடி சாப்பிட்டோம்.

கூரைமேல் ஏறக் கூடாது என்று வென்டல் அவளிடம் வாக்கு வாங்கியிருந்தான். அவளும் கொடுத்திருந்தாள்.

இதற்குப் பிறகு நடந்ததில் ஒரு பகுதியை வென்டல்தான் பின்னால் எனக்குச் சொன்னான். ஜூலை பாதியில் ஒரு வியாழக்கிழமை. காலை உணவுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு நடீன் பின்னால் போனாள். ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு கண்ணாடிக்கு வெளியே ஏணியின் கால்கள் தெரிந்தன. அதன்மேல் அவளுடைய பழைய டென்னிஸ் காலணிகள். ஒரு படி, நிறுத்தம். இன்னொரு படி, நிறுத்தம். முட்டி வலித்தால் அவள் அப்படித்தான் ஏறுவாள். காலணிகள் மேலே போய் மறைந்தன. அதன்பின் அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தரையில் விழுந்த அவள் நிழல் மட்டும்தான்.

கத்தலாம் என்று வாயைத் திறந்தானாம். கத்தினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாளோ என்று மூடிக்கொண்டான். நாற்காலியின் கையை ஊன்றி எழப் பார்த்தான். இடுப்பு கேட்கவில்லை. போனை எடுத்து என்னைக் கூப்பிட்டான். குரலே எழும்பாமல் பேசினான்.

"கர்ட்டிஸ், நடீன் மேல ஏறிட்டா. வாடா. மெதுவா வா, சத்தம் போடாம வா. எப்படியாவது கீழ இறக்கு."

போனேன். அவள் பலகைமேல் குப்புறப் படுத்து, ரப்பர் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு, மூன்றாவது கட்டத்தைப் போட ஆரம்பித்திருந்தாள். இறங்கி வா என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். கயிற்றை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இப்ப இறங்கினா இன்னைக்கே மறுபடி ஏறணும். அது என்னால முடியாது. இந்தக் கட்டத்தை முடிச்சுட்டே வரேன். நீ சும்மா நிக்காம அந்தப் பக்கம் பலகையைப் பிடி" என்றாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. நானும் ஏறினேன். எழுபத்திரண்டு வயதில், பதினேழு வருடத்துக்குப் பிறகு ஒரு உயரத்தில் நின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பிடித்திருந்தது.

நான்கு நாள் ஏறினோம். வென்டல் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். வீட்டுப் பக்கமாகவே நில்லுங்கள், கால்வாய்ப் பக்கம் எடையைப் போடாதீர்கள், அந்தக் கட்டங்களை ஏணியிலிருந்து எட்டிப் போட முடிந்த அளவுக்குப் போடுங்கள் என்றான். ஏன் என்று நான் கேட்டேன். அந்தப் பக்கம் காற்று அதிகம் என்றான். காற்றே இல்லாத ஜூலை மாதம் அது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. ஏணி எட்டாத இரண்டு கட்டத்துக்கு நடீன் கால்வாய்ப் பக்கமே போய்ப் படுத்துத்தான் போட்டாள். அப்போது வென்டல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் மேலிருந்து பார்த்தேன். தூங்குகிறான் என்று நினைத்தேன்.

கடைசிக் கட்டம் முடிந்த அன்று நடீன் கீழே இறங்கி, கூண்டின் கதவைச் சாத்திவிட்டு, நடுவில் நின்று மேலே ஒரு சுற்றுப் பார்த்தாள். உள்ளே போய் அவன் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். மறுவாரம் தண்ணீரைச் சுத்தம் செய்து நீந்த ஆரம்பித்தாள். தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். கம்பெனிக்காரன் போட்ட மாதிரி இருக்கிறது என்று யாராவது சொன்னால், "கம்பெனிக்காரனுக்கு இந்த மூலை வராது" என்பாள்.

ஆகஸ்ட் இருபதுக்கு மேல் ஃப்ளோரிடாவை ஒட்டிய வளைகுடாவில் புயல் உருவானது. தொலைக்காட்சியில் வானிலைக்காரர் புயல் பாதையென்று வரைகிற கூம்பின் நட்டநடுவில் எங்கள் ஊர் இருந்தது. புதன்கிழமை கரையைத் தொடும் என்றார்கள். திங்கள் பிற்பகல் நான் அவர்கள் வீட்டு ஜன்னல்களுக்குத் தகடு அடிக்கப் போனேன். வேலை முடிந்து கூடத்தில் நின்று தேநீர் குடிக்கும்போது கூண்டைப் பற்றிப் பேச்சு வந்தது.

எங்கள் பக்கத்தில் இது பழைய வாதம். புயல் வருமுன் வலையைக் கத்தியால் கிழித்துவிட்டால் காற்று ஊடே போய்விடும், சட்டம் பிழைக்கும் என்பது ஒரு கட்சி. நல்ல கூண்டு தாங்கும், தாங்காவிட்டால் எது செய்தாலும் தாங்காது என்பது இன்னொரு கட்சி. காப்பீட்டில் கூண்டுக்கு ஒன்றும் கிடையாது என்பதால் இரண்டு கட்சியும் சொந்தப் பணத்தில்தான் பேசும். நான் பொதுவாகக் கிழிக்கிற கட்சி. அன்றைக்கு நடீன் முகத்தைப் பார்த்துவிட்டு, கால் எல்லாம் புது போல்ட், வேண்டியதில்லை என்றேன்.

"ஒரு கட்டத்தையும் யாரும் தொடக் கூடாது" என்றாள் அவள்.

வென்டல் தேநீர்க் குவளையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "கிழிச்சுடு நடீன்" என்றான்.

அவள் சிரித்தாள். விளையாடுகிறான் என்று நினைத்தாள்.

"பின்பக்கம் போல்ட் இல்லை" என்றான்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் எங்கள் இருவரையும் பார்க்காமல், வெளியே கூண்டைப் பார்த்தபடி சொன்னான். இடப்பக்கமும் வலப்பக்கமும் போட்டு முடித்துவிட்டு, மார்ச் முதல் வாரத்தில் கால்வாய்ப் பக்கம் போனானாம். ஸ்பானரை வைத்துத் திருப்பியதும் போல்ட்டின் தலை கையோடு வந்துவிட்டது. அடுத்ததும் அப்படியே. அடியில் தண்டெல்லாம் துருவாகிப் போயிருந்தது. சிமென்ட் விளிம்பும் விரலால் கிள்ள வந்தது. புது ஓட்டை போட்டால் அது பிடிக்காது, விளிம்பையே உடைத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். அது கம்பெனிக்காரன் சொன்ன இருபதாயிரத்து வேலை. குளிர் வரட்டும், அக்டோபரில் ஒரு வழி செய்யலாம் என்று தலைகளைப் பழைய இடத்திலேயே ஒட்டிவைத்து மேலே பெயின்ட் அடித்துவிட்டான்.

"அந்தப் பக்கம் சும்மா நிக்குது. வலையோட இருந்தா காத்து உள்ள புகுந்து அப்படியே தூக்கும். தூக்கினா நேரா இந்தக் கதவுமேலதான் விழும்."

நடீன் தன் குவளையை மேசைமேல் வைத்தாள். நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன். அவள் என்னைப் பார்க்காமலே, "இரு கர்ட்டிஸ்" என்றாள். பிறகு அவனிடம் கேட்டாள்.

"நான் மேல ஏறினப்போ உனக்கு இது தெரியும்."

"தெரியும்."

"நாலு நாள்."

"உன்னை இறக்கத்தானே இவனைக் கூப்பிட்டேன்."

"இறக்கச் சொன்னே. ஏன்னு சொன்னியா?"

அவன் குவளையைத் திருப்பிக்கொண்டே பேசினான். சொல்லியிருந்தால் அவள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டிருப்பாள், மூன்று மாதமாக அவள் முகத்தில் சிரிப்பு வந்தது அந்த வலையைப் போடும்போது மட்டும்தான், அதைக் கெடுக்க மனம் வரவில்லை என்றான். நேராகக் கீழே அமுக்குகிற எடைக்கு ஒன்றும் ஆகாது, பக்கவாட்டில் அசைந்தால்தான் ஆபத்து என்று கணக்குப் போட்டதாகவும் சொன்னான். சொல்லும்போதே அந்தக் கணக்கில் அவனுக்கே நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது.

"இந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டு என்னால வேற என்ன செய்ய முடியும், நடீன்?" என்றான்.

"சொல்லியிருக்கலாம். வாய் உடையலையே" என்றாள்.

அவள் கராஜுக்குப் போய்த் திரும்பி வந்தாள். குளத்தில் இலை அள்ளுகிற நீளக் கம்பின் நுனியில் பிளேடு கத்தியை வைத்து டேப் சுற்றினாள். நான் கம்பை வாங்கப் போனேன். கொடுக்கவில்லை. முதலில் கூரை. கீழே நின்றபடி ஒவ்வொரு கட்டத்திலும் மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்தாள். வலை கிழிகிற சத்தம் பெரிதில்லை. துணிக்கடையில் முழம் போட்டுக் கிழிப்பார்களே, அவ்வளவுதான். ஆனால் முப்பத்தெட்டு கட்டம். கிழிந்த வலை நான்கு நாக்காகத் தொங்கியது. இரண்டு மணி நேரத்தில் மொத்தமும் முடிந்தது. வென்டல் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நாற்காலியைத் திருப்பிவிடட்டுமா என்று நான் கேட்டதற்கு வேண்டாம் என்றான்.

புதன்கிழமை விடியற்காலை புயல் வடக்கே திரும்பிவிட்டது. நூற்றிருபது மைல் தள்ளி வேறொரு ஊரைப் பிடித்தது. எங்களுக்கு மழை பெய்தது, குப்பைத்தொட்டிகள் உருண்டன, என் வீட்டு ஓக் மரத்தில் ஒரு கிளை ஒடிந்தது. அவ்வளவுதான். அன்றைய காற்றுக்கு வலை இருந்திருந்தாலும் கூண்டு நின்றிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். இதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. தெருவில் வேறு ஒருவர் சொல்லிவிட்டார்.

நடீன் அவனை விட்டுப் போகவில்லை. கத்தவும் இல்லை. மூன்று வேளையும் சாப்பாடு கொண்டுவந்து வைத்தாள். தூக்கினாள், குளிப்பாட்டினாள், மாத்திரையை எண்ணிக் கொடுத்தாள். அவனிடம் பேச வேண்டியது எதுவோ அதை மட்டும் பேசினாள். "கையைத் தூக்கு", "திரும்பு", "போதுமா". என் தோள்மேல கையைப் போடு என்று அவள் சொல்லும்போதெல்லாம் கை எழுவதில்லை என்று வென்டல் என்னிடம் சொன்னான். போடாமல் இருக்கவும் முடியாது. போட்டால்தான் எழ முடியும்.

செப்டம்பரில் நான் துளைபோடும் இயந்திரம் கொண்டுபோய்ப் பின்பக்கத்தைச் சரிசெய்ய முடியுமா என்று பார்த்தேன். நடீன் ஒரு ஸ்க்ரூடிரைவரால் தட்டிக்கொண்டே வந்தாள். பத்தொன்பது போல்ட்டில் பதினான்கின் தலை தட்டியதும் உருண்டு விழுந்தது. நான் போட்ட முதல் துளையில் சிமென்ட் ஒரு கைப்பிடி அளவு பெயர்ந்து கால்வாய்க்குள் விழுந்தது. அத்தோடு நிறுத்திவிட்டோம். அவள் அந்தத் தலைகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டாள். மேலே எந்தக் கட்டத்துக்கு எப்படிப் படுத்திருந்தோம் என்பதை இரண்டு பேருமே மனதுக்குள் எண்ணிப் பார்த்திருப்போம். நான் எண்ணினேன்.

கிழிந்த வலையை அறுத்து எடுத்தாயிற்று. வெறும் சட்டம் நிற்கிறது. குளத்துத் தண்ணீரை இறக்கி, மேலே தார்ப்பாய் போட்டிருக்கிறார்கள். நடீன் வாரத்தில் மூன்று நாள் ஊர்ப் பொதுக்குளத்துக்குக் காரில் போய்வருகிறாள். அங்கே முதியோருக்கு என்று காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். தண்ணீர் குளிர்ச்சி, கூட்டம் அதிகம் என்கிறாள்.

நவம்பரில் ஒரு நாள் அவள் அங்கே போயிருந்தபோது வென்டல் என்னைக் கூப்பிட்டான். வாக்கரைப் பிடித்து ஐந்தாறு அடி நடக்கிற அளவுக்குத் தேறியிருந்தான். வெளியே போக வேண்டும் என்றான். நான் அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள, நிலைப்படியைத் தாண்டி, தார்ப்பாயின் ஓரமாக இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்தோம். வெயில் இதமாக இருந்தது.

"நீயும் மேல இருந்தே. உங்கிட்டயும் நான் சொல்லலை" என்றான்.

ஆமாம் என்றேன்.

"நீ ஒண்ணுமே கேக்கலையே."

அவனைத் திட்ட வேண்டும் என்று எனக்குச் சில நாள் தோன்றியது உண்டு. அப்போது தோன்றவில்லை. பரவாயில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை.

"நீயா இருந்தா சொல்லியிருப்பியா, கர்ட்டிஸ்?"

யோசித்துப் பார்த்தேன். கால் உடைந்து கிடக்கிற ஒருவனுக்கு, சொல்லியிருப்பேன் என்று பொய் சொல்வதும் எளிது, சொல்லியிருக்க மாட்டேன் என்று ஆறுதல் சொல்வதும் எளிது. தெரியலைடா என்றேன். அவன் தலையை ஆட்டினான்.

உள்ளே போகலாம் என்று எழுப்பிக்கொண்டிருக்கும்போது நடீன் வந்துவிட்டாள். தலை ஈரமாக இருந்தது. கையிலிருந்த கடைப் பைகளைச் சமையலறை மேடைமேல் வைத்துவிட்டு வந்து, எதுவும் கேட்காமல் அவனுடைய இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். நாற்காலியில் உட்காரவைத்தோம். அவள் அவன் காலுக்குக் கீழே தலையணையைச் சரிசெய்தாள். பிறகு என்னைப் பார்த்து, பீன்ஸும் மாட்டிறைச்சியும் போட்டுச் சில்லி செய்யப்போகிறேன், இருந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள்.

இருந்தேன். மூவரும் சாப்பிட்டோம். உப்பு போதுமா என்று என்னிடம் கேட்டாள். போதும் என்றேன். வென்டலும் போதும் என்றான். அவனை அவள் கேட்கவில்லை.